நசுங்க வேண்டிய இடம் எது?

ஆரம்பாக்கம், தடா, சூலூர்பேட்டை என்று தினமும் ரயிலில் போய்வருபவர்கள் 2024 அக்டோபர் 11 இரவை மறந்திருக்க மாட்டார்கள். கவரைப்பேட்டையில் மெயின் லைனில் போக வேண்டிய பாக்மதி எக்ஸ்பிரஸ், நிலையத்தில் பக்கவாட்டில் பிரியும் லூப் லைனில் புகுந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பத்துப் பெட்டிகளுக்கு மேல் தடம் புரண்டன. காயம்பட்டவர்கள் உண்டு, உயிரிழப்பு இல்லை. அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிட மனம் வரவில்லை. அவை எல்ஹெச்பி என்ற ஜெர்மன் வடிவமைப்புப் பெட்டிகள்.

சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையின் பெயரால் அறியப்படும் பழைய ரகப் பெட்டிகளைத் திருகி இறுக்கும் ஸ்க்ரூ கப்ளிங் இணைக்கிறது. உந்துவிசையைத் தாங்க முனையின் இருபுறமும் பஃபர்கள் என்ற வட்டத் தாங்கிகள். மோதலில் ஒரு முனை கொஞ்சம் தூக்கினாலே பஃபர்கள் வழுக்கிவிடும். மேலேறிய பெட்டியின் கனத்த அடிச்சட்டம் அடுத்த பெட்டியின் தகட்டுச் சுவரைக் கிழித்து உள்ளே பாயும். மிகக் கொடூரமான சாவுகள் இப்படித்தான் நேர்கின்றன. எல்ஹெச்பியில் முனையின் நடுவில் ஒரே கப்ளர், அதாவது இணைப்பி. அடுத்தடுத்த பெட்டிகளின் கப்ளர்கள் விரல் கோத்தது போல இறுகிக்கொள்வதால், மேலேற விடாது.

அடுத்தது ஆற்றல். 50 டன் பெட்டி மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வந்தால் 25 லட்சம் ஜூல், 72 கி.மீ. என்றால் ஒரு கோடி. இது எங்காவது உலோகத்தை நசுக்கித்தான் தீர வேண்டும். ஐரோப்பாவின் இஎன் 15227 தரம் பயணிகள் பகுதியின் வேகம் குறைவதற்கு சராசரி 5ஜி வரை, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஐந்து மடங்கு வரை அனுமதிக்கிறது. அந்தக் கணக்கில் 36 கி.மீ. வேகம் அடங்க ஒரு மீட்டர் நசுங்க வேண்டும், 72-க்கு நான்கு மீட்டர். ஒரே முனையில் அவ்வளவு இடம் கிடையாது. ஒவ்வொரு பெட்டியின் முனையும் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கிப் பங்கெடுக்க வேண்டும்.

அதற்கு வரிசை முக்கியம். முதலில் கப்ளரின் பின்னால் அதிர்வை வாங்கும் டிராஃப்ட் கியர், பிறகு அறுந்துபோகவே வைத்த போல்ட்டுகள், பிறகு நசுங்கு குழாய்கள், கடைசியில் கழிவறை, வெஸ்டிபியூல் (பெட்டிகளுக்கிடையே கடக்கும் வழி) பகுதியின் சட்டம். இருக்கைப் பகுதி இவை எல்லாவற்றையும்விட வலுவாக நிற்க வேண்டும். எல்லா இடத்தையும் ஒரே கனத்தில் செய்தால், கதவு, ஜன்னலுக்கு வெட்டிய இடமே முதலில் மடியும். அங்கேதான் ஆட்கள் இருக்கிறார்கள்.

வலுவான பெட்டிக்குள்ளும் இரண்டாவது மோதல் உண்டு. மேல் பெர்த்தில் கட்டாமல் வைத்த டிரங்குப் பெட்டி பழைய வேகத்திலேயே பறந்து வரும்.

ஜெனரல் பெட்டியை நினைத்தால்தான் கவலை கூடுகிறது. கழிவறை வாசலிலும் வெஸ்டிபியூலிலும் கால் வைக்க இடமின்றி நிற்கிறார்கள். காலியாக இருக்கும் என்று நம்பி நசுங்க விட்ட அதே இடத்தில். அந்தப் பெட்டியைப் பெரும்பாலும் ரயிலின் முன்கோடியிலோ பின்கோடியிலோதான் கோக்கிறார்கள். கூடுதல் ஜெனரல் பெட்டி கேட்பது வெறும் வசதிக் கோரிக்கை அல்ல.