ஒட்டகத்தை ஓரங்கட்டிவிட்டு வாருங்கள்

லங்காஸ்டரில் இணைப்பு ரயிலைக் கோட்டைவிட்டு ஒரு மணி நேரம் பிளாட்பாரக் குளிரில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வண்டி ஆர்ன்சைடு பக்கம் கழிமுகத்தைத் தாண்டும்போதுதான் அந்தக் கடுப்பு போனது. இரண்டு பக்கமும் தண்ணீரும் சேற்று மணலும். பாம்பன் பாலத்தின் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

இறங்கிய ஊர் அல்வர்ஸ்டன். இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்ப்ரியாவில் இருக்கும் சின்ன சந்தை ஊர். பழைய கறுப்பு வெள்ளை நகைச்சுவைப் படங்களின் லாரல்-ஹார்டி ஜோடியில் ஒல்லியானவரான ஸ்டான் லாரல், 1890 ஜூன் 16 அன்று இங்கேதான் பிறந்தார். ஆர்கைல் தெருவில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. வாசலில் நின்று படம் எடுத்தேன். எதிர் வீட்டு ஜன்னலில் இருந்த பூனைகூட என்னைக் கண்டுகொள்ளவில்லை.

கொரனேஷன் ஹால் முன்னால் லாரலும் ஹார்டியும் வெண்கலத்தில் ஒரு விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நிற்கிறார்கள், காலடியில் நாய். 1947இல் இருவரும் இந்த ஊருக்கு வந்து இதே கட்டடத்தின் மாடத்திலிருந்து கூட்டத்துக்குக் கையசைத்தார்கள். கொஞ்சம் தள்ளி, பழைய ராக்ஸி தியேட்டர் கட்டடத்தில் அவர்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம். உள்ளூர்க்காரர் பில் க்யூபின் தன் சொந்தச் சேகரிப்பை வைத்து 1983இல் தொடங்கியது. சுவரெல்லாம் படங்கள், சுவரொட்டிகள். ஒழுங்காக அடுக்கிய மியூசியம் மாதிரி இல்லை, ரசிகர் வீட்டுப் பரண் மாதிரி இருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது.

ஆனால் நான் வந்தது மாலைக் கூட்டத்துக்காக.

'பாலைவனத்தின் மைந்தர்கள்' என்பது இவர்களுடைய ரசிகர் மன்றத்தின் பெயர். 1933இல் வந்த அவர்களுடைய படத்தின் தலைப்பே அது. மன்றம், லாரல் காலமான 1965இல் நியூயார்க்கில் தொடங்கியது. தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஜான் மெக்கேப், இந்த ஜோடியின் வாழ்க்கையை எழுதியவர். கிளைகளுக்குக் 'கூடாரம்' என்று பெயர். ஒவ்வொரு கூடாரத்துக்கும் இவர்களுடைய ஒரு படத்தின் பெயர். தலைவர் 'பெரிய ஷேக்'. மெக்கேப் எழுதிய விதிமுறையில், பெரிய ஷேக்குக்கும் மற்ற நிர்வாகிகளுக்கும் எந்த அதிகாரமும் கிடையாது என்று தெளிவாகவே இருக்கிறது. விருந்தில் மட்டும் உயர்ந்த இடத்தில் உட்காரலாம். நம் ஊரில் மன்றத்துக் கிளைச் செயலாளர் பதவிக்கே என்னென்ன நடக்கும் என்று தெரிந்தவன் நான். அதைப் படித்தபோதே, இவர்களை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

கூட்ட நிகழ்ச்சி நிரலும் அந்த விதிமுறையிலேயே உண்டு. முதலில் காக்டெயில். அப்புறம் அலுவல், காக்டெயிலோடு. பிறகு விருந்து, காக்டெயிலோடு. இப்படியே போய், நடுவில் ஒரு படம். கடைசி வரி லாரலே சொன்ன யோசனை: உறுப்பினர்கள் ஒட்டகங்களை நிறுத்திவிட்டு டாக்சி பிடிக்கவும்.

ஒரு பப்பின் மாடியறை. முப்பது பேர் இருப்பார்கள், பாதிக்கு மேல் தலை நரைத்தவர்கள். எல்லோருக்கும் குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பி. எனக்கும் ஒன்று இரவல் தந்தார்கள். சூப் குடிக்கக் குனிந்தால் குஞ்சம் முன்னால் வந்து கிண்ணத்துக்குள் தொங்குகிறது. பக்கத்தில் இருந்த பாட்டி, ஒரு வார்த்தை பேசாமல், கையை நீட்டி அதை என் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். நான் குடித்தது ஆரஞ்சு ஜூஸ். விதிமுறையை மீறிய ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது.

சாப்பிட்டதும் எழுந்து நின்று கோப்பையை உயர்த்தினார்கள். ஸ்டானுக்கு. 'பேப்'புக்கு, அதாவது ஹார்டிக்கு. ஒற்றைக் கண்ணைச் சுருக்கி முறைக்கும் அந்த மீசைக்கார ஜிம்மி ஃபின்லேசனுக்கு. அப்புறம் மே புஷ், சார்லி ஹால். சின்னச் சின்ன வேடங்களில் வந்து இவர்களிடம் அடிவாங்கிப் போனவர்களுக்கும் ஒரு மரியாதை. இங்கேதான் எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. நம் படங்களில் கவுண்டமணி, செந்திலுக்குப் பின்னால் நின்றவர்களில் எத்தனை பேருடைய பெயர் எனக்குத் தெரியும்?

படம் 'தி மியூசிக் பாக்ஸ்', 1932, ஆஸ்கர் வாங்கிய குறும்படம். இருவரும் ஒரு பியானோவை நீண்ட படிக்கட்டில் ஏற்றுகிறார்கள், அது உருண்டு கீழே போகிறது, மறுபடி ஏற்றுகிறார்கள். கதை அவ்வளவுதான். அறையில் இருந்தவர்களுக்கு ஒவ்வொரு நொடியும் மனப்பாடம், ஆகவே சிரிப்பு ஒரு விநாடி முன்னதாகவே வந்துவிடுகிறது. உச்சிக்குப் போன பிறகு ஒரு தபால்காரர் வந்து, சுற்றிப் போக ரோடு இருக்கிறதே என்கிறார். இவர்கள் பியானோவைத் திரும்பக் கீழே இறக்குகிறார்கள்! தபால்காரராக வருபவர் சார்லி ஹால். அவர் தலை தெரிந்ததும் கிளம்பிய கைதட்டலில் வசனம் கேட்கவில்லை.

முடிந்தபோது மணி பத்தரை. கிளம்பலாம் என்று படிக்கட்டுப் பக்கம் போனால், பெரிய ஷேக் தொப்பியோடு நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். "மேசையைக் கீழே கொண்டுபோக வேண்டும், ஒரு பக்கம் பிடிக்கிறீர்களா?" என்றார். பிடித்தேன். படிக்கட்டின் வளைவில் மேசை சிக்கிக்கொண்டது. அவர் தூக்கச் சொன்னார், நான் தூக்கினேன். சாய்க்கச் சொன்னார், சாய்த்தேன். அசையவில்லை. மேலேயிருந்து யாரோ, லாரல்-ஹார்டி படங்களின் தொடக்கத்தில் வரும் அந்தக் குயில் மெட்டை விசிலடிக்க ஆரம்பித்தார்கள்.