எழும்பாத பள்ளிவாசலைத் தேடி

நியூயார்க்கில் இருந்த ஐந்து நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமையை மன்ஹாட்டனின் தென்பகுதிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் அறையில் இருந்த நண்பன் அங்கேதான் வேலை பார்க்கிறான். அதிராம்பட்டினத்துக்காரன். "காலையிலேயே வந்துடுடா, ஜும்ஆ தொழுகைக்கு முன்னாடி உனக்கு எல்லாத்தையும் காட்டிடறேன்" என்று சொல்லியிருந்தான். நான் பார்க்க நினைத்தவை இரண்டு இடங்கள். ஒன்று, இரட்டைக் கோபுரங்கள் நின்ற இடத்தில் இருக்கும் நினைவிடம். இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் வரவிருந்து, கடைசிவரை வராமலே போன ஒரு பள்ளிவாசல்.

அந்தப் பள்ளிவாசல் அங்கே வரக்கூடாது என்று 2010-இல் எழுந்த சண்டையைத் தினமும் செய்தியில் படித்துக்கொண்டிருந்தேன். 'கிரவுண்ட் ஜீரோ மசூதி' என்றே எல்லோரும் எழுதினார்கள். கோபுரங்கள் விழுந்த மண்ணிலேயே ஒரு மினாரா எழப்போகிறது என்றுதான் என் மனதில் படம் விழுந்திருந்தது. அந்தப் படம் சரிதானா என்று நடந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை அப்போதே வந்துவிட்டது.

முதலில் நினைவிடம். கோபுரங்கள் நின்ற அதே இடங்களில் இரண்டு பெரிய சதுரக் குளங்கள். நான்கு பக்கமும் தண்ணீர் முப்பது அடி ஆழத்துக்கு விழுகிறது. நடுவில் இன்னொரு சதுரக் குழி. அதற்குள் விழுந்த தண்ணீர் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. சுற்றிலும் வெண்கலப் பலகைகளில் 2,983 பெயர்கள். 1993-இல் அங்கே வெடித்த குண்டில் இறந்த ஆறு பேரும் இதில் சேர்த்தி. இறந்தவரின் பிறந்தநாளன்று அவர் பெயரில் ஒரு வெள்ளை ரோஜாவைச் செருகி வைக்கிறார்கள். நான் போன அன்று அப்படி மூன்று ரோஜாக்களைப் பார்த்தேன். ஒரு பெரியம்மா தாளை ஒரு பெயரின் மேல் வைத்து, பென்சிலால் மெதுவாகத் தேய்த்து எழுத்துகளைப் படியெடுத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான் சற்றுத் தள்ளிப் போய்விட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அங்கே துக்கம் ஆறவில்லை. அதை ஒத்துக்கொள்ளாமல் அந்தச் சண்டையைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

சரி, அங்கிருந்து வடக்கே நடந்தோம். வீசீ தெருவைக் கடந்தால் பார்க்லே தெரு. அதன் மூலையில் கனத்த தூண்களோடு புனித பேதுரு தேவாலயம். நண்பன் அங்கே நிறுத்தினான். "இதைப் பார்க்காம அதைப் பார்த்தா புரியாதுடா" என்றான். இது நியூயார்க்கின் முதல் கத்தோலிக்கத் திருச்சபை, 1785-இல் தொடங்கியது. அதற்கு முன் இந்த ஊரில் கத்தோலிக்கர்கள் வெளிப்படையாக வழிபட முடியாது; பாதிரியார் பிடிபட்டால் சிறை. திருச்சபை வந்த பிறகும் நிம்மதி இல்லை. 1806 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஒரு கும்பல் தேவாலயத்தைச் சூழ்ந்துகொண்டு பெரிய கலவரமே ஆனது. கத்தோலிக்கர் என்றாலே வேற்றுநாட்டுக்கு விசுவாசமானவர், ஆபத்தானவர் என்று அன்றைக்கு ஊர் நினைத்தது. அதே தேவாலயத்தின் பீடத்தின் முன்தான், 2001 செப்டம்பர் 11 அன்று, தீயணைப்புத் துறையின் குருவானவராக இருந்து அன்று இறந்துபோன மைக்கேல் ஜட்ஜின் உடலைக் கொண்டுவந்து கிடத்தினார்கள்.

அங்கிருந்து ஒரு தெரு தாண்டினால் பார்க் பிளேஸ். குளக்கரையிலிருந்து மொத்தம் ஏழெட்டு நிமிட நடை. தெருவின் நடுவில் நின்று திரும்பிப் பார்த்தேன். நினைவிடம் தெரியவில்லை. குளம் தெரியவில்லை, மரங்கள் தெரியவில்லை, தண்ணீர்ச் சத்தமும் இல்லை. நடுவே வானளாவிய கட்டடங்கள் மறைத்துக்கொண்டு நிற்கின்றன. இத்தனை நாள் என் மனதில் இருந்த படம் அந்த இடத்தில்தான் கலைந்தது.

இங்கே 1850-களில் கட்டிய ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. கடைசியாக அதில் இருந்தது ஒரு துணிக்கடை. தாக்குதல் நாளில் விமானத்தின் சக்கரப் பகுதி கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தது. கடை மூடப்பட்டு, கட்டடம் வருடக்கணக்கில் சும்மா கிடந்தது. அதைத்தான் 2009-இல் ஷரீஃப் அல்-கமால் என்ற கட்டுமானத் தொழில்காரர் நாற்பத்தெட்டரை லட்சம் டாலருக்கு வாங்கினார். அவரோடு இமாம் ஃபைசல் அப்துல் ரவூஃபும் அவர் மனைவி டெய்ஸி கானும் சேர்ந்துகொண்டார்கள். திட்டம், 13 மாடியில் ஒரு சமூகக் கூடம். ஐந்நூறு பேர் அமரும் அரங்கம், நீச்சல்குளம், கூடைப்பந்துத் திடல், சமையல் பள்ளி, இறந்தவர்களுக்கு ஒரு நினைவிடம், கூடவே ஒரு தொழுகைக் கூடம்.

முதலில் வைத்த பெயர் 'கோர்டோபா இல்லம்'. ஸ்பெயினின் கோர்டோபா நகரத்தில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் யூதர்களும் ஒன்றாக வாழ்ந்த காலத்தை நினைத்து வைத்தார்கள். அதே பெயரை, வென்ற ஊரில் கொடி நாட்டுகிற அடையாளம் என்றார் குடியரசுக் கட்சித் தலைவர்களில் ஒருவரான நியூட் கிங்ரிச். பிறகு கதவு எண்ணை வைத்தே 'பார்க்51' என்று மாற்றினார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்: 2009 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இந்தத் திட்டத்தைப் பற்றி எழுதியபோது பெரிய எதிர்ப்பே இல்லை. 2010 மே மாதம் அந்தப் பகுதியின் சமூக வாரியம் 29-க்கு 1 என்ற கணக்கில் ஆதரவு தெரிவித்தது. அந்தத் தெருக்களில் குடியிருப்பவர்களின் வாரியம் அது. புயல் கிளம்பியது அதையொட்டித்தான். வலைப்பதிவு எழுதும் பாம் கெல்லர் போன்றவர்கள் பிரசாரத்தைத் தொடங்கினார்கள். நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல். ஆகஸ்டில் சிஎன்என் எடுத்த கருத்துக் கணிப்பில் 68 சதவீத அமெரிக்கர்கள் எதிர்த்தார்கள். பார்க் பிளேஸ் எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஊர்களிலும் இது தேர்தல் பேச்சானது. அந்த ஆகஸ்டில்தான் ஒரு பயணி, 'நீ முஸ்லிமா' என்று கேட்டுவிட்டு வங்கதேசத்து டாக்சி ஓட்டுநர் ஒருவரைக் கத்தியால் குத்தினான். டென்னசியின் மர்ஃப்ரீஸ்பரோவில் பள்ளிவாசல் கட்டும் இடத்தில் நின்ற இயந்திரத்துக்குத் தீ வைத்தார்கள். அந்த ஊர் இங்கிருந்து எத்தனையோ மாநிலம் தள்ளி. நினைவிடத்துக்குப் பக்கத்தில் வருவதுதான் பிரச்சினை என்று சொன்னவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது அந்த ஒரு ஊரின் பெயரைத்தான்.

ஆகஸ்ட் 3 அன்று பழைய கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கத் தேவையில்லை என்று நகர ஆணையம் 9-0 என்று முடிவு செய்தது. அன்றே மேயர் புளூம்பெர்க் கவர்னர்ஸ் தீவில், சுதந்திர தேவி சிலை பின்னால் தெரிய நின்று, இந்தத் திட்டத்துக்காகப் பேசினார். நண்பன் என்னை நிறுத்திக் காட்டிய அதே பேதுரு தேவாலயத்தைத்தான் அவரும் அன்றைக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார். பத்து நாள் கழித்து வெள்ளை மாளிகை இஃப்தாரில் ஒபாமாவும் வழிபாட்டு உரிமையைப் பற்றிப் பேசினார்.

எதிர்த்தவர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் "இங்கே வேண்டாமே" என்று சொன்னால், அவரிடம் போய் நான் சட்டம் பேசமாட்டேன். அந்தக் குடும்பங்களிடம் முதலிலேயே போய் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். இத்தனை வலி வரும் என்று தெரிந்திருந்தால் இதைத் தொடங்கியிருக்கமாட்டேன் என்று இமாம் ரவூஃபே அந்த செப்டம்பரில் சொன்னார். ஆனால் குடும்பங்கள் எல்லாம் ஒரே பக்கம் நிற்கவில்லை. விமானத்தில் மனைவியைப் பறிகொடுத்த டெட் ஓல்சன், புஷ் ஆட்சியில் அரசின் வழக்கறிஞராக இருந்தவர், கட்டும் உரிமையை ஆதரித்தார். துக்கப்பட்டவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். ஒரு பக்கத்துத் துக்கத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு கூட்டம் சேர்த்தவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"எங்களுக்குத் தொழ ஒரு இடம் வேணும், அவ்வளவுதான்டா" என்றான் நண்பன். "வெள்ளிக்கிழமை மதியம் அரை மணி நேரம். ஆபீஸ் பக்கத்துல." பக்கத்திலிருக்கும் வாரன் தெருவில் 1970 முதல் ஒரு சின்னப் பள்ளிவாசல் இருந்திருக்கிறது, இரட்டைக் கோபுரங்களின் திறப்பு விழாவே 1973-இல்தான். தெற்குக் கோபுரத்தின் 17-ஆவது மாடியிலும் ஒரு தொழுகை அறை இருந்தது. அங்கே வேலை பார்த்த முஸ்லிம்கள் கை, கால், முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டுப் போய்த் தொழுத இடம் அது. கோபுரத்தோடு அதுவும் போயிற்று. இதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

இப்போது பார்க் பிளேஸில் நிற்பது 43 மாடி அடுக்குமாடிக் குடியிருப்புக் கோபுரம். பணக்காரர்களுக்கான வீடுகள். பக்கத்தில் சின்னதாக ஒரு இஸ்லாமிய அருங்காட்சியகம் வரும் என்று 2014-இல் அறிவித்தார்கள். நான் போனபோது அப்படி எதுவும் அங்கே இல்லை.

ஒரு மணி ஆகப்போகிறது என்று நண்பன் வேகமாக நடந்தான். வாடகைக்கு எடுத்த ஒரு இடத்தில்தான் அவர்களுக்கு ஜும்ஆ. உள்ளே இடம் போதாமல் அடுத்தடுத்து இரண்டு ஜமாஅத்தாக, கூட்டுத் தொழுகை நடத்துகிறார்களாம். நான் வெளியே காத்திருந்தேன். தொழுதுவிட்டு வந்தவன், "இன்னொரு இடம் பாக்கி இருக்கு" என்று மறுபடியும் நினைவிடத்துக்கே கூட்டிப்போனான்.

தெற்குக் குளம், எஸ்-66 என்று எண் போட்ட பலகை. அதில் முகமது சல்மான் ஹம்தானி என்று ஒரு பெயர். கராச்சியில் பிறந்து குவீன்ஸில் வளர்ந்த 23 வயதுப் பையன். ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவன். நியூயார்க் காவல்துறையின் பயிற்சிக் காவலன். அன்று காலை உதவி செய்ய ஓடியவன் திரும்பவில்லை. உடல் கிடைக்காத நாட்களில் இவனும் தீவிரவாதியோ என்று சந்தேகப்பட்டு விசாரித்தார்கள். இடிபாடுகளுக்கு நடுவே அவனுடைய எச்சங்கள் கிடைத்த செய்தி 2002 மார்ச்சில்தான் குடும்பத்துக்கு வந்தது. பிறகு காவல்துறை மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். இருந்தாலும் நினைவிடத்தில் காவலர்களின் பெயர்களோடு அவன் பெயர் இல்லை, இங்கே தனியாக இருக்கிறது. அவன் தாய் தலத் ஹம்தானி அதற்காக வருடக்கணக்கில் வாதாடினார். பார்க்51 வேண்டும் என்று பேசியவர்களிலும் அவர் ஒருவர்.

நண்பன் பலகையில் படிந்திருந்த சாரலைக் கையால் துடைத்தான். இரண்டு கையையும் ஏந்தி, உதடு மட்டும் அசைய துஆ கேட்டான். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவன் முடிக்கும்வரை நின்றார். அப்புறம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். மணி இரண்டாகிவிட்டது, நண்பன் அலுவலகம் திரும்ப வேண்டும்.