கீரிமலையில் ஓர் ஆடி அமாவாசை

தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்கு விரதம் இருப்பார்கள். தாய் இல்லாதவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி. யாழ்ப்பாணத்து வழமை அது. எனக்கு 16 வயதிலேயே ஆடி அமாவாசை வந்துவிட்டது. ஆனால் யாழ்ப்பாணத்து வடகரையில் இருக்கும் கீரிமலைக்குப் போய் அப்பாவுக்குப் பிதிர்க்கடன் கழித்தது போன வருஷம்தான்.

விடியமுன்னரே சனம். மாவிட்டபுரத்து முருகன் தீர்த்தமாட வரும் நாளல்லவா! கேணிச் சுவருக்கு அந்தப் பக்கம் உப்புக்கடல், இந்தப் பக்கம் நல்ல தண்ணீர் ஊற்று. நகுல முனிவரின் கீரிமுகம் மாறிய தீர்த்தம் என்பார்கள். 1990இல் விமானக் குண்டில் இடிந்த நகுலேஸ்வரம் இப்போது புதுவர்ணத்தோடு நிற்கிறது. எனக்கென்னவோ பழைய கோவில்தான் கண்ணுக்குள்.

எங்கள் வீடு அங்கிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம். 1990இல் சண்டைக்குப் பயந்து ஓடியபோது எனக்கு வயது 11. "ரெண்டு கிழமையில வந்திடலாம்" என்று அம்மா கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு வந்தா. பிறகு அந்தப் பக்கம் முழுக்க உயர் பாதுகாப்பு வலயம்.

1995 ஒக்டோபர் 30. யாழ் நகரை உள்ளடக்கிய வலிகாமம் முழுவதையும் வெளியேறச் சொல்லிப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மழை, இருட்டு, செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம். லட்சக்கணக்கான சனத்துக்கு அந்த ஒரே வழிதான். சைக்கிள் கரியரில் அம்மம்மா; அப்பா உருட்டிக்கொண்டு வந்தார். ஓரடி நகர்ந்தால் கால்மணி நேரம் நிற்க வேண்டும். பாலத்துக்குக் கிட்ட வந்ததும், "ஹாண்டிலை நீ பிடி தம்பி, எனக்கு ஏலாது" என்றார். அப்பாவுக்கு ஏலாதது என்று ஒன்று இருப்பதை அன்றுதான் கண்டேன்.

கொடிகாமத்தில் ஒரு மாட்டுக்கொட்டிலில் இருந்தோம். தை மாதம் அப்பாவுக்குக் காய்ச்சல். மருந்து கிடைக்கவில்லை, ஐந்தாம் நாள் போய்விட்டார். ஓ.எல். சோதனைக்குப் படித்த கொப்பியின் கடைசிப் பக்கத்தில் செத்தவீட்டுச் செலவை எழுதினேன்.

31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையைக் கீரிமலையில் செய்வதுதான் முறை. ஆமி நிற்கிற இடத்துக்கு எப்படிப் போவது? கச்சாய்க் கடலில் முழங்காலளவு தண்ணீரில் நின்றோம். "இதைக் கீரிமலையெண்டு நினைச்சு முழுகும் தம்பி" என்றார் ஐயர். விரலில் போட்ட தர்ப்பை கழன்று மிதந்து போனது. ஐயர் இன்னொன்றை இறுக்கி முடிந்து தந்தார்.

போன வருஷம் கீரிமலை ஐயர் தந்த தர்ப்பை விரல் மொளியைத் தாண்டவில்லை. "கொஞ்சம் இளக்கிப் போடுங்கோ அண்ணை" என்றார். அவருக்கு முப்பது வயதுகூட இராது.

பிண்டத்தைக் கடலில் கரைத்துவிட்டுக் கேணிக்குள் இறங்கினேன். எட்டு வயதில் எனக்கு நீந்தப் பழக்கியபோது, அப்பா வயிற்றுக்குக் கீழே பிடித்திருந்த கையைச் சொல்லாமல் எடுத்துவிட்டார். நான் கத்தின கத்தில் படியில் இருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். அடியே இல்லாத தண்ணீர் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

அந்த இடத்தில் போய் நின்றேன். மார்பளவுதான்.