எங்கள் வீட்டுத் தொங்கூமத்தை

நேற்று சாயங்காலம் மழை விட்டதும் வாசல் விளக்கைப் போட வந்தேன். கேட் ஓரத்துச் சட்டியில் பதினொரு பூ. எண்ணி முடித்துவிட்டு அத்தையைக் கூப்பிட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பகலில் இந்தப் பூவில் வாசமே தெரியாது. இருட்டத் தொடங்கியதும் மெல்லக் கிளம்பி, கூடம் வரைக்கும் வந்துவிடும்.

நர்சரியில் ஏஞ்சல்ஸ் டிரம்பெட் என்று கேட்டால் கொடுப்பார்கள். தொங்கூமத்தை என்பது அத்தை வைத்த பெயர். பொருத்தமான பெயர்தான். ஊமத்தம்பூ வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும், இது தரையைப் பார்த்துத் தொங்கும். இரண்டும் கத்தரிக்காய்க் குடும்பம். 1753-இல் தாவரங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் இதையும் டாத்துரா, அதாவது ஊமத்தை, என்றே எழுதி வைத்தார். புருக்மான்சியா என்ற தனிப் பெயர் 1805-இல்தான் வந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கேமரன் மலைக்கு, ரிங்லெட்டில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். வேலியோரத்தில் என் தலைக்கு மேல் வளர்ந்து, மஞ்சள் மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சித்தி ஒரு கிளையை வெட்டி ஈரப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். பினாங்கு வந்து சேரும்வரை மடியிலேயே வைத்திருந்தேன். வேர் பிடித்தது, இலை விட்டது. ஆனால் இரண்டு வருஷமாக ஒரு பூ இல்லை. மொட்டு வரும், விரல் நீளம் ஆனதும் உதிர்ந்துவிடும். உரத்தை மாற்றினேன், சட்டியை மாற்றினேன். குறை உரத்தில் இல்லை. ஆண்டிஸ் மலைப் பக்கத்துச் சாதிகளுக்குக் குளிர்ந்த ராத்திரி வேண்டும். பினாங்கில் எங்கள் ஆயர் ஈத்தாமில் காற்றாடி இல்லாமல் நாமே தூங்க முடியாது.

அப்புறம்தான் வெள்ளைச் செடி கிடைத்தது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில், ஒரு சீன ஆண்ட்டி வீட்டு வாசலில் நல்ல வெயில் ஊரிலேயே அது பூத்துக் குலுங்கியது. இது சுவாவியோலன்ஸ் என்ற சாதி, பிரேசிலின் கடலோரக் காட்டுப் பக்கத்தைச் சேர்ந்தது. நம்ம ஊர்ப் புழுக்கத்தைத் தாங்கும். வண்டியை நிறுத்தி ஒரு குச்சி கேட்டேன். நான் கீழே இருந்த தடித்த தண்டைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டி, "ஆத்தாஸ், ஆத்தாஸ்" (மலாயில் 'மேலே') என்று மேல் கிளையைப் பிடித்தார்.

அன்றைக்கு அவர் காட்டியதுதான் இந்தச் செடியின் சூட்சுமம். முதலில் ஒற்றைத் தண்டாக நேரே ஏறும். ஓரளவு உயரம் வந்ததும் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரியும். பூ வருவதெல்லாம் அந்தக் கவட்டைக்கு மேலேதான். கீழ்த் தண்டை வெட்டி நட்டால் மறுபடி முதலில் இருந்து ஏறிக் கவட்டை விட வேண்டும். மேல் கிளையை நட்டால் இடுப்பு உயரத்திலேயே பூக்கும். இலையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். காம்போடு சேருகிற இடத்தில் கீழ் இலை இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். மேல் இலையில் ஒரு பக்கம் கொஞ்சம் கீழே இறங்கிச் சேரும். அந்தக் கோணல் இலை இருக்கிற கிளையைத்தான் நான் இப்போது வெட்டுகிறேன்.

பராமரிப்பில் முக்கியம் தண்ணீர்தான். காலை வெயில் மட்டும் படுகிற இடம், பெரிய சட்டி, நல்ல வடிகால், மாதம் இரண்டு முறை மக்கிய கோழி எரு. நண்பகலில் இலையெல்லாம் துவண்டு தொங்கும். பார்த்ததும் ஓடிப்போய் ஊற்றாதீர்கள், விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடலாம், சாயங்காலம் தானே நிமிர்ந்துவிடும். சட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வரும். ஜனவரி, பிப்ரவரியில் மழை குறையும்போது இலைக்கு அடியில் சிலந்திப்பேன் பிடிக்கும். இலை புள்ளி புள்ளியாக வெளுத்தால் அதுதான். ஹோஸைத் திருப்பி இலையின் அடிப்பக்கத்தை நன்றாக அடித்துக் கழுவுவேன், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். இந்தச் செடியில் வேர், இலை, பூ, விதை எல்லாமே விஷம். போன வருஷம் கையுறை போடாமல் கிளை வெட்டிக்கொண்டிருந்தேன். வேர்வை வழிந்தது, புறங்கையால் வலது கண்ணைத் துடைத்தேன். மதியம் அரிசி களையும்போது கிண்ணத்தின் விளிம்பு மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் வலது கண்மணி மட்டும் கறுப்பாக, பெரிதாக விரிந்து கிடக்கிறது, இடது கண் எப்போதும் போல. பக்கவாதமோ என்று உடம்பு நடுங்கிவிட்டது. கிளினிக்கில் டாக்டர் எல்லாவற்றையும் பரிசோதித்துவிட்டு, "காலையில் என்ன வேலை செய்தீங்க?" என்று கேட்டார். செடியைப் பற்றிச் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. இதன் சாற்றில் ஸ்கோபோலமினும் அட்ரோபினும் இருக்கின்றன. கண்மணியை விரிக்கக் கண் டாக்டர்கள் சொட்டு விடுகிறார்களே, அதே அட்ரோபின்தான். இரண்டு நாளில் சரியானது. கண்ணில் பட்டதற்கே இப்படி. வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

அன்றிலிருந்து கையுறை இல்லாமல் தொடுவதில்லை. இதற்கென்று தனிக் கத்தரி. உதிர்ந்த பூவை மகள் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்னால் பெருக்கி எடுத்துவிடுவேன். பிரதோஷத்தன்று அத்தை கேட்டார், "ஏம்மா, ஊமத்தைதானே, சிவனுக்கு இரண்டு பூ கொண்டுபோகலாமா?" ஆசையாகத்தான் கேட்டார். "வேணாம் அத்தை, கோயிலில் சின்னப் பிள்ளைங்க கையில் எடுத்துடுவாங்க" என்றேன். இப்போது வீட்டிலிருந்தபடியே பூவைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்கிறார்.

இவ்வளவு ஆபத்தான செடியை ஏன் வைத்திருக்கிறாய் என்று என் தங்கை கேட்கிறாள். புருக்மான்சியாவின் எல்லா இனங்களையும், அழியும் உயிரினங்களைக் கணக்கெடுக்கும் ஐயுசிஎன் என்ற உலக அமைப்பு 'இயற்கையில் அழிந்தவை' என்று பட்டியலிட்டிருக்கிறது. அதைப் படித்த அன்று செடி பக்கத்தில் போய் ரொம்ப நேரம் நின்றேன். அதன் சொந்தக் காட்டில் அது இல்லை. யாரோ ஒருவர் குச்சி வெட்டி இன்னொருவருக்குக் கொடுப்பதால்தான் இருக்கிறது. அந்த ஆண்ட்டிக்கும் யாரோ கொடுத்திருப்பார்கள்.

அதனால் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்வதில்லை. வீட்டில் தவழும் குழந்தையோ, இலையைக் கடிக்கும் நாயோ இருக்கிறதா என்று மட்டும் முதலில் விசாரிப்பேன். நாலாவது வீட்டு அக்காவுக்காக மூன்று குச்சிகள் வாளித் தண்ணீரில் நிற்கின்றன. மூன்றிலும் கோணல் இலைதான். இன்று காலை பார்த்தேன், ஒன்றில் வெள்ளை வெள்ளையாக வேர் முளை தட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜோடி கையுறையோடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.