சென்ட்டின் மேல் ஒரு கவராயம்

பென்சில்வேனியாவில் ஒரு நாணய ஏல நிறுவனத்தில் இரண்டு வருடம் விவரப்பட்டியல் எழுதினேன். வரும் காசை எடை போட்டு, விட்டம் அளந்து, ஐந்தாறு வரியில் விவரம் எழுத வேண்டும். அந்த வரிகளை நம்பித்தான் முகம் தெரியாத யாரோ ஒருவர் பணம் கட்டுவார். தங்கமும் வெள்ளியும் மூத்தவர்களுக்குப் போய்விடும். புதியவனான என் மேசைக்கு வந்ததெல்லாம் அடிபட்ட செம்புக்காசுகள்.

பெரும்பாலும் லார்ஜ் சென்ட். 1793 முதல் 1857 வரை அமெரிக்கா அடித்த காசு. எடை சுமார் 11 கிராம், ஏறக்குறைய கலப்பில்லாத செம்பு. மெத்தென்ற உலோகம் என்பதால் கையில் உளியும் சுத்தியலும் இருந்த எல்லோரும் அதன்மேல் எதையாவது முத்திரையாக அடித்துப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளி வேலை செய்பவர், துப்பாக்கி செய்பவர், மருந்து விற்பவர். நம் ஊரில் காசு மாற்றித் தந்த ஷராப்புகள் ரூபாயில் போட்ட சோதனை முத்திரை எனக்கு ஞாபகம் வரும். ஆனால் அது காசு நல்லதுதான் என்பதற்கான அடையாளம். இங்கே, காசு நல்லதா கெட்டதா என்று யாருக்கும் கவலையில்லை.

எனக்குப் பிடித்தவை சங்கச் சின்னங்கள். மூலைமட்டமும் கவராயமும் ஒன்றின்மேல் ஒன்று இருந்தால் ஃப்ரீமேசன் என்ற சகோதரச் சங்கம். கோத்த மூன்று வளையம், அதில் எஃப், எல், டி என்ற எழுத்துகள் இருந்தால் ஆட் ஃபெலோஸ் என்ற இன்னொரு சங்கம். நட்பு, அன்பு, உண்மை என்பதன் முதலெழுத்துகள். ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் 1851 என்று ஆண்டு போட்ட ஒரு சென்ட் வந்தது. பெண் தலையின் கழுத்தருகே அழகான மூலைமட்டமும் கவராயமும். ‘ஃப்ரீமேசன் முத்திரை, 1851’ என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் பிரிவின் பெரியவர் அதை நுண்ணோக்கியில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“பெண்ணின் முடியைப் பார். என்ன தெரிகிறது?”

“தேய்ந்திருக்கிறது.”

“முத்திரையின் விளிம்பு?”

விரல் நகம் வைத்தால் தட்டும் அளவுக்குக் கூராக இருந்தது. சுத்தியல் இறங்கும்போது செம்பு ஒதுங்கிப் பள்ளத்தைச் சுற்றி வரப்பு மாதிரி எழும்பும். சட்டைப்பையில் பல வருடம் புரண்ட காசில் அந்த வரப்பும் மற்றதோடு சேர்ந்து மழுங்கியிருக்க வேண்டும். முடி வழவழவென்று தேய்ந்த பிறகு யாரோ அண்மையில் அடித்து, பள்ளத்துக்குப் பழுப்பு நிறமும் ஏற்றியிருக்கிறார்கள். 1851 காசு பிறந்த வருடம். முத்திரை அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம். இவ்வளவு சின்ன விஷயம் எனக்குத் தோன்றவேயில்லை.

அதோடு விடவில்லை அவர். கவராயத்துக்குள் சுத்தியல் பிடித்த ஒரு கை இருக்கும் இன்னொரு சின்னத்தைக் காட்டினார். அது ஃப்ரீமேசன் இல்லை. 1845இல் பிலடெல்பியாவில் தொடங்கிய, ‘அமெரிக்கன் மெக்கானிக்ஸ்’ என்று பெயர் கொண்ட சங்கத்தினுடையது. எஃப், சி, பி என்றால் நைட்ஸ் ஆஃப் பிதியஸ். எஃப், சி, எல் என்றால் உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவர்களின் சங்கம். மூன்றெழுத்தைப் பார்த்ததும் சங்கம்தான் என்று முடிவு கட்டினாலும் வம்பு, யாரோ ஒரு மனிதரின் பெயரெழுத்தாகவும் இருக்கலாமே.

அப்புறம் ‘மார்க் பென்னி’. ஃப்ரீமேசன்களில் ‘மார்க் மாஸ்டர்’ படிநிலைக்கு வருகிறவர் தனக்கென்று ஒரு குறி தேர்ந்தெடுக்க வேண்டும். பைபிளின் திராட்சைத் தோட்டக் கூலி உவமையில் ஒரு நாள் கூலி ஒரு காசு. அந்தக் கதைதான் இந்தக் காசுக்கும் அடிப்படை. சிலர் ஒரு சென்ட்டை ஒரு பக்கம் வழித்துச் சமமாக்கி, வளைவின் உச்சிக்கல்லைப் பொறித்து, நடுவில் தங்கள் குறியை வெட்டிக்கொண்டார்கள். இவற்றைப் பார்க்கும்போது மட்டும் சந்தேகம் வருவதில்லை. சந்தையில் செலவான காசு அல்ல அது, ஒருவரின் கையோடு இருந்தது. கோடுகளின் ஓரம் தேய்ந்திருக்கும் விதமே சொல்லிவிடும்.

அந்த 1851 சென்ட் அனுப்பியவருக்கே திரும்பிப் போனது. அதன் பிறகு நான் எழுதிய வரிகள் சுருங்கிவிட்டன: ‘மூலைமட்டம், கவராயம், முன்பக்கம், கழுத்தருகே, பின்பக்கம் நசுங்கியுள்ளது, முத்திரையின் விளிம்பு காசைப் போலவே தேய்ந்துள்ளது.’ படிக்கச் சுவையில்லை என்று விற்பனைப் பகுதியிலிருந்து புகார் வந்தது. பெரியவர் அதைப் படித்துவிட்டு அடியில் கையெழுத்துப் போட்டார்.