ஒன்பதுக்கு ஒன்று

2025 ஜூலை 11ஆம் திகதி டாக்காவில் எங்கள் இலங்கையின் 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உதைபந்தாட்ட அணி பங்களாதேஷிடம் 9-1 என்று தோற்றது. தெற்காசியத் தொடர், நாலு நாடு, ஒவ்வொரு அணியும் மற்ற அணியோடு இரண்டு தரம் விளையாட வேண்டும் என்பது ஏற்பாடு, அதனால் இரண்டாம் தரமும் அவர்களிடமே போய் மாட்டி 5-0. அந்தச் செய்திக்குக் கீழே எங்கள் பக்கத்துப் பொடியன்மார் போட்டிருந்த சிரிப்புப் படங்களையும், "வீட்டுக்கு வந்து சோறு ஆக்கச் சொல்லுங்க" வகைப் பகிடிகளையும் பார்த்து, ஒருவருக்குப் பதில் எழுதத் தொடங்கினேன். அது நீண்டுகொண்டே போனது. சரி, இங்கேயே எழுதிவிடுவோம்.

நான் பந்து விளையாடியவள் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்காவின் மகள் விளையாடுகிறாள். மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் ஒரு பாடசாலை, நடுக்களத்தில் விளையாடுகிறவள். அவளோடு இருந்து யூடியூப்பில் அந்த ஆட்டத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் கொஞ்சம் பிடிபட்டது. நான் கோலை எண்ணிக்கொண்டிருந்தேன், அவள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். "சின்னம்மா, அவங்களுக்குப் பந்து வர முதலே தலையத் திருப்பி எங்க ஆள் நிக்கு எண்டு பாத்துட்டாங்க. நாங்க பந்து காலுக்கு வந்த பிறகுதான் நிமிந்து பாக்கிறம். அதுக்குள்ள ரெண்டு பேர் மேல வந்துருவாங்க." வீடியோவைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான். எங்கள் பிள்ளைகள் ஓட்டத்தில் குறைவில்லை, விழுந்து எழும்பினார்கள், கடைசி வரைக்கும் ஓடினார்கள். பந்து காலில் ஒட்டுவதற்குத்தான் அவர்களுக்கு ஒரு கணம் கூடுதலாகத் தேவைப்பட்டது.

அந்த ஒரு கணத்தை கொழும்பில் போடும் பயிற்சி முகாமில் பதினேழு வயதுப் பிள்ளைக்கு யாராலும் கற்றுக்கொடுக்க முடியாது என்பதுதான் என் எண்ணம். பந்தைப் பார்க்காமல் பந்தை வைத்திருக்கிற பழக்கம் எட்டு, ஒன்பது, பத்து வயதில் வர வேண்டியது.

பங்களாதேஷ்காரர்களுக்கு அது எப்படி வந்தது என்று தேடிப் பார்த்தேன். 2011இல் அங்கே ஆரம்பப் பாடசாலைப் பெண் பிள்ளைகளுக்கென்று நாடளாவிய உதைபந்தாட்டப் போட்டி ஒன்றைத் தொடங்கினார்கள். கவனியுங்கள், ஆரம்பப் பாடசாலை. அதாவது ஐந்தாம் வகுப்பும் அதற்குக் கீழும். மைமென்சிங் மாவட்டத்தில், இந்திய எல்லைக்குக் கிட்ட, கோல்சிந்தூர் என்று ஒரு கிராமம். பாடசாலை ஆசிரியர் ஒருவர் பெண் பிள்ளைகளைச் சேர்த்துப் பந்தை உருட்டத் தொடங்க, அந்தச் சின்னப் பாடசாலை நாட்டிலேயே சம்பியனாகியது. அங்கே அப்போது மின்சாரம்கூட இல்லை. வென்ற பிள்ளைகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் ஊருக்குக் கரண்ட் வேண்டும் என்றார்களாம், கரண்டும் வந்தது. 2022இல் காத்மண்டுவில் நேபாளத்தை 3-1 என்று வென்று பங்களாதேஷ் முதல் தடவையாகத் தெற்காசியப் பெண்கள் கிண்ணத்தைத் தூக்கியபோது அந்த அணியில் கோல்சிந்தூர்ப் பிள்ளைகள் எட்டுப் பேர். மரியா மண்டா, சஞ்சிதா அக்தர், தஹுரா காதூன் என்று பெயர்களைத் தேடினால் எல்லாம் அந்த ஒரே ஊர். 2024இலும் அதே கிண்ணம் அவர்களுக்குத்தான். 2025இல் ஆசியக் கிண்ணத்துக்கே தகுதி பெற்றுவிட்டார்கள், பெரிய அணியும் 20 வயது அணியும் இரண்டுமே.

இப்போது எங்கள் பத்து வயதுப் பெண் பிள்ளை என்ன செய்கிறாள் என்று யோசியுங்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. விடிய எழும்பி ஒரு ரியூசன், பாடசாலையிலேயே மேலதிக வகுப்பு, பின்னேரம் இன்னொரு ரியூசன், சனி ஞாயிறு மாதிரி வினாத்தாள். மட்டக்களப்பில் இருந்தாலும் களுவாஞ்சிக்குடியில் இருந்தாலும் அக்கரைப்பற்றில் இருந்தாலும் இதில் வித்தியாசம் இல்லை, தமிழ் முஸ்லிம் என்ற பேதமும் இல்லை. நாலாம் ஐந்தாம் ஆண்டு இரண்டும் அப்படியே போய்விடும். கோல்சிந்தூர்ப் பிள்ளை முதல் ஆயிரம் தரம் பந்தைத் தொட்ட வயதில் எங்கள் பிள்ளை கடந்தகால வினாத்தாள் புத்தகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆறாம் ஆண்டுக்கு வந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம், அப்போது ஆரம்பிக்கலாமே என்பீர்கள். அப்போதுதான் பிள்ளை பெரியவளாகிறாள். சாமத்தியச் சடங்கு, மண்டபம், வீடியோ, அதன் பிறகு அம்மம்மா வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். என் அம்மாவே என் பெறாமகளிடம், "இனி என்னகா உனக்குக் கிரவுண்ட், வெயிலுக்க நிண்டு கறுத்துப் போய் வாறாய்" என்று மாதக் கணக்கில் புலம்பினார். (எங்கள் ஊர்களில் குடி, அதாவது குலம், தாய்வழியாகத்தான் போகும், வீடு வளவு எழுதுவது பெண் பிள்ளைக்குத்தான். அந்தப் பெருமையை வெளியூர்க்காரரிடம் நாங்களே சொல்லிக்கொள்வோம். வீட்டை எழுதிக் கொடுத்து அதற்குள்ளேயே வைத்துவிடுகிறோம் என்பதைச் சொல்வதில்லை.) பன்னிரண்டிலிருந்து பதினான்கு வரை இப்படிக் கழிந்து, விளையாட்டில் உண்மையாகவே ஆசை உள்ளவள் சண்டை பிடித்துத் திரும்ப வரும்போது பதினைந்து. ஓ.எல். பரீட்சை அடுத்த வருடம்.

அப்படி வருகிறவளுக்கு மைதானம் எப்போது கிடைக்கும் என்றால், பொடியன்மார் வர முதல். அதாவது பின்னேரம் மூன்று மணிக்கு. கச்சான் என்கிற சூட்டுக் காற்று அடிக்கிற மாதங்களில் மூன்று மணிக்கு எங்கள் மண் தரையில் வெறுங்காலோடு நின்று பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நாலரைக்குக் காற்று மாறிக் குளிரத் தொடங்கும்போது அண்ணன்மார் சைக்கிளில் வந்து கரையில் நிற்பார்கள், பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். யாரும் துரத்துவதில்லை. அது அப்படித்தான் என்று இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்ட மாதிரி. மாரி தொடங்கினால் கார்த்திகை மார்கழி முழுக்க மைதானத்தில் தண்ணீர், அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை.

உடுப்பு இன்னொரு கதை. காற்சட்டைக்குள்ளே நீளக் காற்சட்டை, தலைக்கு மறைப்பு என்று எப்படி வேண்டுமானாலும் போட்டு விளையாடலாம், ஃபிஃபாவே 2014இல் தலைமறைப்பை அனுமதித்துவிட்டது. இங்கே அதை வைத்து இன்னும் கூட்டம் கூடுகிறது.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் பெறாமகளோடு விளையாடிய பிள்ளை ஒருத்தி, நல்ல வேகம், சும்மா ஓடி வந்து திரும்பும்போதே முழங்கால் பிரண்டு விழுந்தாள். யாரும் தட்டவில்லை. முழங்காலுக்குள் உள்ள சிலுவைத் தசைநார் கிழிவது வளரிளம் பருவத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பொடியன்மாரைவிட அதிகம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதைத் தடுக்க ஃபிஃபாவின் மருத்துவக் குழு ஒரு சூடேற்றும் பயிற்சி முறையே வைத்திருக்கிறது, 11+ என்று பெயர். இருபது நிமிடம். மெதுவாக ஓடுவது, ஒற்றைக் காலில் நிற்பது, குந்தி எழும்புவது, குதித்து முழங்காலை மடக்கி இறங்குவது, இவ்வளவுதான். ஒரு சாமானும் தேவையில்லை. நோர்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் வீராங்கனைகளிடம் சோதித்துப் பார்த்து, கடுமையான காயங்கள் நன்றாகக் குறைந்ததை 2008இலேயே வெளியிட்டிருக்கிறார்கள். இங்கே பயிற்சி என்றால் மைதானத்தைச் சுற்றி ரெண்டு ரவுண்ட், பிறகு நேரே ஆட்டம். அந்தப் பிள்ளை திரும்ப விளையாட வரவில்லை, அவள் வீட்டுக்காரருக்கு அது ஒரு நல்ல சாட்டாகவும் போய்விட்டது.

பங்களாதேஷில் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. 2025 ஜனவரியில் ஜொய்பூர்ஹாட்டில் பெண்கள் போட்டி நடக்கவிருந்த மைதானத்தின் வேலியையே அடித்து நொறுக்கினார்கள். அந்த 20 வயது அணியின் சாகரிகா, தொடரின் கடைசி ஆட்டத்தில் நேபாளத்துக்கு எதிராக நாலு கோலையும் தனியாகப் போட்டாளே, அவள் தாகூர்கான் பக்கத்தில் தேநீர்க் கடைக்காரர் ஒருவரின் மகள். தகப்பனுக்கு முதலில் அவள் விளையாடுவதே பிடிக்கவில்லை. அங்கேயும் அம்மம்மா வாசலில்தான் இருந்திருப்பார். ஆனால் அவர் மறிக்கத் தொடங்குவதற்கு முதலே பிள்ளைக்குப் பந்து பழகிவிட்டது.

சாகரிகா என்றதும் ஒரு பக்கக் கதை. 2024 பெப்ரவரியில் 19 வயதுக்குட்பட்ட தெற்காசியப் பெண்கள் இறுதிப் போட்டி, டாக்காவில், இந்தியாவும் பங்களாதேஷும். மேலதிக நிமிடத்தில் அவள் சமப்படுத்த, பெனால்டி. கோல் கீப்பர்கள் உட்பட இரண்டு பக்கமும் பதினொரு பேரும் அடித்து 11-11. விதிப்படி தொடர்ந்து அடிக்க வேண்டும், ஆனால் போட்டி ஆணையாளர் நாணயத்தைச் சுண்டச் சொல்லிவிட்டார், இந்தியா வென்றது, பங்களாதேஷ் பிள்ளைகள் மைதானத்தை விட்டுப் போகமாட்டோம் என்று நின்றார்கள், கடைசியில் இரண்டு நாட்டுக்கும் கிண்ணம். அந்த ஆணையாளர் யார் என்றால், ஓர் இலங்கையர். எங்கள் பிள்ளைகள் அந்தத் தொடரில் விளையாடவே இல்லை, ஆனாலும் நாடு வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது.

உதைபந்தாட்ட நிர்வாகத்தில் மேலே உள்ளவர்கள் பற்றி நீளமாக எழுத எனக்குப் பொறுமை இல்லை. 2023 ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை ஃபிஃபா இலங்கைக்குத் தடை போட்டிருந்தது. பெரியவர்களின் தேர்தல் சண்டையில் ஏழு மாதம். பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஏழு மாதம் என்றால் ஒரு முழுப் பருவம். ஸ்பெயினின் சல்மா பரல்லுவேலோ 15 வயதில் 17 வயதுக்குட்பட்ட உலகக் கிண்ணமும், 18இல் 20 வயதுக்குட்பட்டதும், 19இல் பெரியவர்களின் உலகக் கிண்ணமும் வென்றாள். அந்த வயதுகளுக்கு நடுவில் இடைவெளி எவ்வளவு சின்னது என்று பாருங்கள்.

வடக்கிலே தெல்லிப்பளை மகாஜனாப் பிள்ளைகள் தேசிய மட்டத்தில் கிண்ணம் வென்று காட்டியிருக்கிறார்கள், ஆகவே தமிழ்ப் பிள்ளைகளுக்கு முடியாது, கிராமத்துக்கு முடியாது என்ற கதையை என்னிடம் கொண்டுவர வேண்டாம். எங்கள் ஊரிலும் ஓர் ஆள் முழு மூச்சாக நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு மட்டக்களப்பு வெபர் மைதானத்தின் பெயரே இருக்கிறது. வெபர் அமெரிக்காவிலிருந்து வந்த யேசு சபைக் குரு, புனித மிக்கேல் கல்லூரிப் பொடியன்மாருக்கு விளையாட்டைப் பழக்கியே வாழ்நாளைக் கழித்தார். பெண் பிள்ளைகள் பக்கத்துக்கு அப்படி ஓர் ஆள் இன்னும் வரவில்லை.

உலகக் கிண்ணம் பற்றி எனக்குக் கனவில்லை. 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கிண்ணம் 2029 வரைக்கும் வருடாவருடம் மொரோக்கோவில், 24 அணிகள். 2029இல் விளையாடுவதற்கு 2012இலோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். அதற்கு எங்களுக்கு ஏற்கெனவே நேரம் போய்விட்டது. 2021இல் 19 வயது அணி இதே பங்களாதேஷிடம் 12-0, இப்போது 9-1, கணக்குப்படி முன்னேற்றம்தான். இது அடுத்த தரம் 4-1 ஆனால் நான் சந்தோஷப்படுவேன்.

அதற்கு நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஆரம்பப் பிரிவு ரீச்சர்மார் யாராவது இதை வாசித்தால், மூன்றாம் நாலாம் ஆண்டுப் பெண் பிள்ளைகளுக்குக் கிழமையில் இரண்டு நாள் இடைவேளையில் ஒரு பந்தைக் கொடுங்கள், பயிற்சி ஒன்றும் வேண்டாம், சும்மா உதைக்கட்டும். பந்து என்னுடைய செலவு. கருத்துப் பெட்டியில் பாடசாலையின் பெயரைப் போடாமல் ஊரை மட்டும் சொல்லுங்கள், நான் தொடர்புகொள்கிறேன். வாங்குவது 4ஆம் இலக்கப் பந்துதான். கடைக்காரர் 5ஐத்தான் எடுத்துத் தருவார், அது பெரியவர்களுடையது, சின்னக் காலுக்குப் பாரம்.