கொழிஞ்சாம்பாறை செவன்ஸில் ஒரு எழுபது-இருநூறு, ஒரு ஐம்பது, ஒரு பதினெட்டு-அம்பத்தஞ்சு

செவன்ஸ் கால்பந்து மைதானத்தில் கேமரா பிடித்து நிற்பவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. லென்ஸில் அச்சடித்திருக்கும் மி.மீ. எண்ணே (பெரிய எண் என்றால் தூரத்தை இழுத்துக் காட்டும்) பெயராகிவிடும். "அந்த எழுபது-இருநூறு அண்ணனக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க, கேலரிக்கு மறைக்குது" என்று கமிட்டிக்காரர் மைக்கிலேயே சொல்லிவிடுவார்.

சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையில் அறுவடை முடிந்த ஒரு வயல். கவுங்கும் மூங்கிலும் வைத்துக் கட்டிய கேலரி. மைக்கில் மலையாளம், கேலரியில் தமிழ், நடுவரைத் திட்டுவது மட்டும் இரண்டிலும். அணிக்கு ஏழு பேர், கோட்டுக்கு வெளியே மூன்று கேமரா. மூவரிடமும் இருப்பது கிராப் பாடிதான், அதாவது முழு ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார் உள்ள கேமரா. வித்தியாசமெல்லாம் முன்னால் மாட்டியிருப்பதில்.

எழுபது-இருநூறு, கோயம்புத்தூரிலிருந்து நாள் வாடகைக்கு வந்தது. எஃப் 2.8 (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் பெரிதாகத் திறந்து வெளிச்சம் கூடும்), எடை கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. ஆதார் நகலும் முன்பணமும் கடையில் இருப்பதால், பந்து பக்கத்தில் வந்தால் அண்ணன் முதலில் லென்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். படம் எடுப்பதெல்லாம் அப்புறம். அடுத்தவர் ஐம்பது: 50 மி.மீ., எஃப் 1.8, எடை 160 கிராம். கேலரியிலிருந்த பெரியவர் ஒருவர் அவரைப் பார்த்து, "ஏனுங் தம்பி, லென்ச வீட்லயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். மூன்றாமவர் பதினெட்டு-அம்பத்தஞ்சு, கேமரா வாங்கும்போது பெட்டிக்குள்ளேயே வருகிற லென்ஸ். அகலக் கோணத்தில் எஃப் 3.5, அம்பத்தஞ்சுக்கு இழுத்தால் எஃப் 5.6.

யார் படம் தேறும் என்று கேலரியில் அப்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது. எல்லாருடைய ஓட்டும் நீளமான லென்ஸுக்குத்தான்.

கணக்கு அப்படி வேலை செய்யாது. கிராப் பாடியில், கேமராவை நெட்டுக்குப் பிடித்தால், மி.மீ. எண்ணைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். அத்தனை மீட்டர் தூரத்தில் நிற்கும் ஆள் தலையிலிருந்து கால்வரை சட்டகத்தை நிறைப்பான். 50 என்றால் 5 மீட்டர், 85 என்றால் எட்டரை, 200 என்றால் 20, 300 என்றால் 30. படுக்கையாகப் பிடித்தால் அந்தத் தூரத்தோடு இன்னும் பாதி சேர்த்துக்கொள்ளலாம். செவன்ஸ் மைதானம் சிறிசு. கார்னர் பக்கம் உட்கார்ந்தால் கோல் முகம் 200-க்குக் கச்சிதமாக விழும். கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஐம்பதே போதும். ஆக லென்ஸைத் தேர்ந்தெடுக்கும் முன் முடிவு செய்யவேண்டியது, எங்கே உட்காரப் போகிறோம், அங்கே உட்கார கமிட்டி விடுமா என்பதுதான். இரண்டாவது கேள்விக்கு எந்த லென்ஸ் கம்பெனியிடமும் பதில் இல்லை.

அடுத்த சிக்கல் வெளிச்சம். இந்த மாதிரி மைதானத்தில் நாலு கம்பத்து விளக்குக்கு எஃப் 2.8, 1/500 நொடி, ஐ.எஸ்.ஓ. (வந்த வெளிச்சத்தைக் கேமரா பெருக்கிக்கொள்ளும் அளவு) 6400 என்று வைத்தால் படம் சரியாக வரும். ஐம்பதுக்காரர் எஃப் 2-க்குத் திறந்து அதே 1/500-ஐ 3200-லேயே எடுத்துவிடுகிறார். பதினெட்டு-அம்பத்தஞ்சு முழுசாக இழுத்த நிலையில் எஃப் 5.6. உள்ளே வருவது 2.8-ல் வருவதில் நாலில் ஒரு பங்கு வெளிச்சம். ஐ.எஸ்.ஓ.வை 25600-க்கு ஏற்றினால் முகமெல்லாம் புள்ளிக்கோலம். ஏற்றாமல் ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் 1/125. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பந்து நொடிக்கு 25 மீட்டர் போகிறது. 1/125 நொடியில் 20 சென்டிமீட்டர். பந்தின் விட்டமே 22 சென்டிமீட்டர்தான். படத்தில் பந்து சுரைக்காயாக நீண்டுவிடும். 1/500-ல் இழுப்பு 5 சென்டிமீட்டர், வேகம் தெரிகிற அளவுக்கு மட்டும்.

இந்த இடத்தில் பக்கத்தில் நிற்கிற யாராவது ஒருவர், "லென்ஸ்ல ஸ்டெபிலைசர் இருக்குதுங்களே" என்று சொல்லியே தீருவார். ஸ்டெபிலைசர் நம் கைநடுக்கத்துக்கு மருந்து. முன்கள ஆட்டக்காரனின் காலை அது பிடித்து நிறுத்தாது. லென்ஸின் மி.மீ. எண்ணை இரட்டிப்பாக்கும் 2எக்ஸ் கன்வெர்ட்டர் போடச் சொல்கிறவரும் உண்டு. போட்டால் எஃப் 2.8 லென்ஸ் எஃப் 5.6 ஆகும், வாடகை கொடுத்து வாங்கிய வெளிச்சம் மொத்தமும் போச்சு. 55-250 மாதிரியான எடை குறைந்த ஜூமைக் குறை சொல்லவும் முடியாது. பொள்ளாச்சிப் பக்கம் காலை வெயிலில் ரேக்ளா எடுக்க அதைவிடத் தோதான லென்ஸ் இந்த விலையில் இல்லை. எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 400, அப்படியும் 1/2000 கிடைக்கும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் சரி. பொழுது சாய்ந்ததும் அதைப் பைக்குள் வைத்துவிடவேண்டும்.

முதல் பாதி முடிந்து கட்டன் சாயாவும் பழம்பொரியும் வந்தபோது, மூவரும் ஒரே புகாரோடு கூடினார்கள். அடுத்தடுத்து எடுத்த பத்துப் படத்தில் ஒன்று வெளுப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று பாதி இருட்டு. எழுபது-இருநூறு அண்ணன் வாடகைக் கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்திருந்தார். லென்ஸ் மேல் தப்பே இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மெட்டல் ஹாலைடு விளக்கு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது. 1/500 என்பது அந்த ஒரு ஏற்ற இறக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு நேரம். ஷட்டர் திறந்தபோது விளக்கு உச்சியில் இருந்ததா பள்ளத்தில் இருந்ததா என்பது அதிர்ஷ்டம். விளக்குகளை மூன்று ஃபேஸுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தால் ஒன்று மங்கும்போது இன்னொன்று ஈடுகட்டும். ஒற்றை ஃபேஸ் ஜெனரேட்டரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எல்.இ.டி. என்றாலும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் மட்டமானதாக இருந்தால் இதே கதைதான்.

செய்யக்கூடியது மூன்று. கேமராவில் ஆன்டி-ஃப்ளிக்கர் இருந்தால் போடுவது: விளக்கு உச்சிக்கு வரும்வரை பொறுத்து அது ஷட்டரைத் திறக்கும், அடுத்தடுத்து எடுக்கும் பர்ஸ்ட் வேகம் கொஞ்சம் குறையும். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) வைத்திருப்பவர்கள் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கலுக்கு வருவது, இல்லையென்றால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். இரண்டும் இல்லாதவர்கள் கேமரா பதப்படுத்தாத ரா ஃபைலில் எடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து நிறத்தைத் திருத்துவது. அந்த வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கவேண்டும், வீட்டில் யார் என்ன சொல்வார்கள் என்பது தனி விஷயம்.

எக்ஸ்போஷரை ஆட்டோவில் விட்டவர் பதினெட்டு-அம்பத்தஞ்சு ஒருவர்தான். ராத்திரி ஆட்டத்தில் பின்னால் முழுக்கக் கறுப்பு. கேமரா 'ஐயோ இருட்டு' என்று பதறி ஷட்டரைக் குறைக்கும். வெள்ளை ஜெர்சிக்காரன் நடுவில் வந்ததும் 'ஐயோ வெளிச்சம்' என்று இருட்டாக்கும். அந்த ஏற்ற இறக்கம் தவிர விளக்கு மாறப்போவதில்லை, அதனால் மேனுவல்தான். ஒரு ஆட்டக்காரனின் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சரிசெய்துவிட்டு, கடைசி விசில் வரை அந்தப் பக்கமே போகவேண்டாம். மூன்று நிமிடம் சொல்லிக்கொடுத்ததும் தம்பி பிடித்துக்கொண்டார்.

பாதுகாப்புக்கு என்று முன்னால் மாட்டுகிற மலிவான யு.வி. ஃபில்டரையும் ராத்திரியில் கழற்றிவிடுவது நல்லது. ஃப்ளட்லைட் சட்டகத்துக்குள் வந்தால் ஃபில்டரில் பட்டுத் திரும்பி, கோல்கீப்பரின் தலைமேல் பச்சையாக ஒரு பொட்டு வைத்துவிடும். ஹூட் போதும், அடியையும் அதுவே வாங்கிக்கொள்ளும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். கோல்கீப்பர் கண்ணில் அடித்து ஒரு கோல் போய்விட்டால், ஊர் எல்லையைத் தாண்ட உங்களுக்கு பஸ் கிடைக்காது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி வெளியூர் லென்ஸ்காரர்களுக்குத் தெரிவதில்லை. மலைத்தொடரில் விட்ட இடைவெளி வழியாகக் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வருவது, வயல் புழுதியையும் சேர்த்துக் கொண்டுவரும். மைதானத்தில் லென்ஸ் மாற்றினால் சென்சாரில் புழுதி உட்காரும். எஃப் 2.8-ல் தெரியாது. மறுவாரம் எஃப் 11-ல் வானத்தை எடுக்கும்போது கறுப்புப் பொட்டுகளாகத் தெரியவரும். மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் காற்றுக்கு முதுகைக் காட்டி, பாடியின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து மாற்றவேண்டும்.

இரண்டாம் பாதி. ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடங்களில் ஒரு கார்னர்.

ஐம்பது தம்பி கோல் வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அங்கே ஆட்டோஃபோகஸை நம்பினால் அது வலைக்கயிற்றைத்தான் பிடிக்கும். அவர் முன்னாலேயே 8 மீட்டரில் ஒரு ஆளின் மேல் ஃபோகஸ் செய்து, ஸ்விட்சை மேனுவலுக்குத் தள்ளி வைத்திருந்தார். எஃப் 2-ல், 8 மீட்டரில், 50 மி.மீ. கொடுக்கும் தெளிவு முன்னும் பின்னும் சேர்த்து 2 மீட்டர். கார்னருக்கு எல்லாரும் குதிக்கிற இடம் ஏறக்குறைய அதற்குள் அடங்கும். லென்ஸ் வலைக்கு நெருக்கமாக இருந்தால் கயிறு கரைந்து காணாமல் போகும்; வலையில் ஒட்டி உட்கார்ந்தால் பந்து வலையோடு சேர்ந்து மூக்குக்கு வரும். ஒரு முழம் தள்ளி இருந்தார்.

எழுபது-இருநூறு அண்ணன் கார்னர் கொடிக்குக் கொஞ்சம் தள்ளி, 200-க்கு இழுத்து, மோனோபாடில் தயார். உட்கார்ந்த இடம் அருமை, லென்ஸ் அருமை. ஃபோகஸை மட்டும் சோன் முறையில், அதாவது ஒரு புள்ளிக்குப் பதில் ஒரு பரப்பு முழுக்கத் தேடும்படி, விட்டிருந்தார். சோன் பெரும்பாலும் அந்தப் பரப்புக்குள் கிட்டே இருப்பதைத்தான் முதலில் கவ்வும். 200 மி.மீ., எஃப் 2.8, 20 மீட்டர் என்றால் தெளிவான ஆழம் ஒரு மீட்டர்தான். ஒற்றைப் புள்ளியும் அதைச் சுற்றி நாலு உதவிப் புள்ளியும் போதும். கூடவே குறுக்கே யாராவது வந்தாலும் உடனே மாறாதபடி டிராக்கிங்கை மந்தமாக்கி வைத்திருக்கலாம்.

பந்து வந்தது, முன்கள ஆட்டக்காரன் குதித்தான், தலையில் பட்டு வலைக்குள் போனது. அதே நேரத்தில் ஒரு தடுப்பாளர் அண்ணனுக்கு முன்னால் குறுக்கே ஓடினார்.

கோல் போட்டவன் ஜெர்சியைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு நேராகப் பதினெட்டு-அம்பத்தஞ்சை நோக்கி ஓடிவந்தான், பின்னாலேயே அணி மொத்தமும். இரண்டு மீட்டரில் வந்து குவிந்தார்கள். 70 மி.மீ. இருந்தால் அங்கே யாரோ ஒருவரின் தாடைதான் கிடைத்திருக்கும். தம்பி 18-க்கு வந்தார். எஃப் 3.5, ஐ.எஸ்.ஓ. 6400, 1/320. கட்டிப்பிடித்து நிற்கிறவர்களுக்கு அது தாராளம். ஆறு முகமும் வந்தன, ஏழாவது ஆளின் கால் மட்டும் வந்தது.

அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குள் எல்லா ஆட்டக்காரரின் ஸ்டேட்டஸிலும் இருந்தது அந்தப் பெட்டி லென்ஸ் படம். "ஏனுங்ணா, என்ற மூஞ்சி வந்துருக்குதுங்களா?" என்று கேட்டு வந்தவர்களுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. ஐம்பது எடுத்த கோல், நெற்றியில் பந்து அமுங்கியிருந்த அந்த ஒரு படம், கேமராக்காரர்கள் மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்ட படம்.

எழுபது-இருநூறு அண்ணனின் படத்தில் கோல் ஒரு மங்கலான கலவரம். அதற்கு முன்னால், தடுப்பாளரின் முதுகு, ஜெர்சியின் நூலிழை தெரிகிற அளவுக்கு. அந்த முதுகில் போட்டிக்குப் பணம் கொடுத்த பேக்கரியின் பெயர், கிளை உள்ள ஊர்கள், செல்பேசி எண். அண்ணன் அதை அழிக்கப் போனார். கமிட்டிக்காரர் கையைப் பிடித்துவிட்டார்.

மறுவாரம் ஜங்ஷனில் பன்னிரண்டடி ஃப்ளெக்ஸ் வந்தது. அந்த முதுகுதான். கீழ் மூலையில் படம் எடுத்தவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் "70-200" என்று போட்டிருந்தார்கள்.

"கோல் மங்கலா இருக்குதேங்க" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"நம்பர் தெளிவா இருக்குதல்லங்க" என்றாராம் பேக்கரிக்காரர்.